தாய்மடியும் குழந்தை ஆசனமும்



இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையத்தைக் கொண்டது நம் பட்டிப்பொல. இங்கிருந்து எத்திசை சென்றாலும் வளைவும் பள்ளமும் பனிமூட்டமுமே. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். அவர்களிற் சிறுவரும் இருந்தனர். அத்துயரை நாம் மறக்கலாகாது.

தாய்மடியினும் காவலான இடமுண்டோ என்பர். வீட்டில் இல்லை, ஓடும் வண்டியில் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், 10 கிலோக் குழந்தை ஏறக்குறைய 200 கிலோப் பாரம்போல் முன்னே பாயும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? ஆகவே, கைக்குழந்தையைப் பின்புறத்தில், பின்னோக்கிய குழந்தை ஆசனத்தில் இருத்திப் பட்டியைப் பூட்டுவோம்.

அதனை வாங்க எல்லோராலும் இயலாது. நம் சங்கம் இரண்டொன்றை வாங்கி, வாடகை வேனிற் செல்லும் குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுக்கலாமன்றோ?

சாவியைத் திருப்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்ப்போம்; லயத்து முற்றத்தில் சக்கரத்தருகே பிள்ளைகள் விளையாடுவர். கைப்பிரேக்கையும் கியரையும் கவனித்த பின்பே இயந்திரத்தை இயக்குவோம்.

புறப்படுகையில் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்க ஒரு நிமிடம் செலவிடுகிறோம். குழந்தையின் பட்டிக்கும் ஒரு நிமிடம் கொடுப்போமாக!