கூத்துக்களம் சேராக் கொடை

(விழுப்புரம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவு)



விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் செஞ்சியையும் சூழ்ந்த சிற்றூர்களில் வேனில் வந்தால் கூத்து வரும். துரோபதையம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து பல இரவுகள் தொடரும். முகவீணை ஒலிக்கும்; கட்டியங்காரன் வாய்திறப்பான்; ஊர் விடியவிடியக் கேட்கும். ஏடறியா உழவனுக்கும் தமிழின் ஓசையை ஊட்டிய பள்ளி அக்களமே. அப்பள்ளிக்கு நாட்டின் பொருள் வந்து சேர்ந்ததா?

1955 இல் சங்கீத நாடக சங்கம் என்னும் பெயரில் இம்மாநிலத்தில் எழுந்த அமைப்பு, 1973 இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆயிற்று. பெயர் தமிழானது பெருமையே. ஆயினும் மன்றம் இருப்பது தலைநகரில். கூத்தனோ பகலெல்லாம் கழனியில், இரவெல்லாம் களத்தில். வாய்மொழியாய்க் கற்று வாய்மொழியாய்க் கற்பித்தவனிடம் சான்றுத்தாள் கேட்டால் எதைக் காட்டுவான்? 2007 இல் நாட்டுப்புறக் கலைஞர்க்கென நலவாரியம் பிறந்தது நன்று. அங்கும் உதவிக்கு வாயில் பதிவுதான். பதியும் வழியறியாதவன் வாயிலுக்கு வெளியே!

அதே 2007 இல் சென்னை சங்கமம் தொடங்கிற்று. சிற்றூர்க் கலைகள் தலைநகரின் பூங்காக்களில் அரங்கேறின. 2011 இல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மீண்டும் ஆட்சி மாறியபின் 2023 இல் உயிர்பெற்றது. கலைஞனின் உலை ஆட்சி மாற்றத்தை நம்பியா கொதிக்க வேண்டும்?

ஒரு கூத்து நின்றால் ஆடுபவன் மட்டுமா பட்டினி கிடக்கிறான்? கல்யாண முருங்கைக் கட்டையில் முடி செதுக்குபவன் கை ஓய்கிறது. மத்தளத்துக்குத் தோல் கட்டுபவன் வேறு தொழில் தேடுகிறான். பாடங்கேட்க வந்த இளைஞன் கட்டட வேலைக்குப் பேருந்தேறுகிறான். ஆசான் மறையும் நாளில், ஏட்டிலேறாத பாட்டும் அவரோடு சுடுகாடு போகிறது. 2020 இலும் 2021 இலும் கொள்ளைநோயால் திருவிழாக்கள் அடங்கியபோது இத்துயரைக் கண்ணெதிரே கண்டோம்.

பாரதம் வடவர் கதையாயிற்றே, அதைக் காப்பது நம் பணியா என நம்மவரே வினவுவர். கதை எங்கிருந்தும் வரலாம். அதைச் சுமந்த பாட்டும் அடவும் தமிழனுடையவை. களம் அழிந்தபின் நம் வரலாற்றை எங்கே ஆடுவோம்?

இன்னொன்றும் சொல்வேன். அரசை மட்டும் கடிந்து நம் குற்றத்தை மறைத்தல் ஆகாது. கூத்துக்கு முதற்புரவலர் ஊரார் தரும் வரி. ஒடுக்கப்பட்டோரிடம் அவ்வரியையும் வாங்க மறுக்கும் ஊர்கள் உண்டு. இம்மாவட்டத்து மேல்பாதியில், அவர்களைக் கோயிலுக்குள் விட மறுத்த பூசலால் 2023 சூன் திங்களில் துரோபதையம்மன் கோயிலே முத்திரையிடப்பட்டது. பறையறைபவனுக்குக் களத்தில் இடமும் பந்தியில் விலக்கும் வைத்துக்கொண்டு, ஒப்புரவான பங்கைத் தலைநகரில் எப்படிக் கேட்பது?

ஆகவே கேட்போம், செய்வோம். பதிவு அலுவலர் கூத்துக்காலத்தில் ஊருக்கு வரட்டும். ஊரார் சொல்லே சான்றாகட்டும். மாணவன் ஒருவனைப் பயிற்றும் ஆசானுக்குத் திங்கள்தோறும் ஊதியம் வரட்டும். ஆட்சி மாறினும் மாறாதபடி அதனைச் சட்டம் காக்கட்டும். நாமோ, நம் இல்ல விழாக்களில் கூத்துக்கு ஓர் இரவு ஒதுக்குவோம். எல்லாரிடமும் வரி வாங்கி, எல்லாரையும் முன்வரிசையில் அமர்த்துவோம்.

களம் வாழ்க! தமிழ் வெல்க!