சுவரில் தொங்கும் படமும் செல்போனில் வரும் படமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம ஆண்டு விழாவுக்கு வாசலில் ஒரு பேனர் வைத்தோம், ஞாபகம் இருக்கா? கரிசல் காட்டுல பருத்தி வெடிச்சு நிக்குது. நடுவுல கட்டபொம்மன், வேலு நாச்சியார், பாரதியார் மூணு பேரும் நிக்கிறாங்க. பக்கத்துல நம்ம உறுப்பினர்கள் பத்துப் பேர். எல்லோரும் கை தட்டினோம். அப்போ ஒரு சின்னப் பிள்ளை, "ஆச்சி, நீ கட்டபொம்மன்கூட எப்ப போட்டோ எடுத்த?" என்று கேட்டது. நாம் சிரித்தோம். ஆனால் அந்த ஆச்சிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று பேசப் போகிறோம்.

கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-ஆம் வருஷம். போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839-இல். நாற்பது வருஷ இடைவெளி. அப்படியானால் அவருக்குப் போட்டோவே கிடையாது. நம் மனசில் இருக்கும் முகம், 1959-இல் வந்த சினிமாவில் சிவாஜி கணேசன் காட்டிய முகம். வேலு நாச்சியாருக்கும் போட்டோ இல்லை. நாம் பார்ப்பது ஓவியர்கள் கற்பனையில் வரைந்தது. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியாருக்கு உண்மையான போட்டோ உண்டு. அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். அவருடைய கலர் படம் எல்லாம் பிறகு வரைந்தது, இல்லை பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றியது.

இப்படிப் படம் சேர்ப்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜு என்று ஒரு பெரிய ஓவியர் இருந்தார் (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு இங்கே வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் போட்டோ ஸ்டுடியோ வைத்தார்கள், சாமி படங்கள் வரைந்தார்கள். அவை சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் நமக்குப் பின்னால் மலையும் மாளிகையும் தெரியும். அது வரைந்த துணி. இறந்துபோன தாத்தா படத்தை வெட்டி, பாட்டி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, மறுபடி போட்டோ எடுத்து, ஒட்டின ஓரம் தெரியாமல் பிரஷ்ஷால் பூசிக் கொடுப்பார்கள். பாட்டி அதைப் பார்த்து அழுவார். அதில் ஏமாற்று இல்லை. செய்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

அப்போது நாள் கணக்கில் ஆன வேலையை இப்போது செல்போன் ஒரு நிமிஷத்தில் செய்கிறது. வேலை லேசானதும் ஆபத்தும் கூடிவிட்டது.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தங்கை, மகள் பள்ளிக்கூடச் செலவுக்காகக் குழுவில் கேட்கக் கூச்சப்பட்டு, செல்போன் ஆப்பில் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். ஒரு வாரத்தில் இரண்டு மடங்கு கேட்டார்கள். கொடுக்க முடியவில்லை. அவர் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, அவர் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நாமும் என்ன ஏது என்று கேட்காமல் நோட்டில் அபராதம் எழுதினோம். அது நம்ம தப்பு.

பிறகு வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாம் பொங்கல் விழா ஆல்பத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தோம். அதே முகம், அதே பொட்டு, அதே கனகாம்பரம். "நம்ம குரூப் போட்டோவில் இருந்து முகத்தை மட்டும் எடுத்திருக்காங்கய்யா. பேனர்ல கட்டபொம்மனைச் சேர்த்த மாதிரிதான் இதுவும்" என்று சொன்னோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே புகார் கொடுக்கக் கூட வந்தார். அபராதத்தை அடித்துவிட்டோம். அந்தத் தங்கை இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

ஒட்டுப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிழல் எல்லாருக்கும் ஒரே பக்கம் விழுகிறதா, கழுத்து நிறமும் முகத்து நிறமும் ஒன்றா, கால் தரையில் பதிந்திருக்கிறதா, விரல்கள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இப்போது வரும் கம்ப்யூட்டர் படங்களில் இதெல்லாம் சரியாகவே இருக்கலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், யார் அனுப்பினது, எதற்காக என்று கேளுங்கள்.

யாராவது மிரட்டினால்:

* பணம் கட்டாதீர்கள். கட்டினால் மேலும் கேட்பார்கள்.
* மெசேஜை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி.
* சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181. உடனே கூப்பிடுங்கள்.
* முதலில் குழுவில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது ஒட்டினவன், நாம் இல்லை.

அவசரத்துக்கு உள்கடன் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நாம் சேர்த்த சேமிப்பு அதற்குத்தான்.

அடுத்த வருஷமும் பேனர் வைப்போம். கட்டபொம்மனும் நாச்சியாரும் நம்ம காட்டில் வந்து நிற்கட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால் கீழே "இது சேர்த்துச் செய்த படம்" என்று ஒரு வரி எழுதிவிடுவோம். பிள்ளைகள் கேட்டால் ஆச்சிமார் பதில் சொல்லட்டும்.

இதை ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.