கொல்ப் மைதானத்துக்கு ஒரு காலைப்பொழுது

கொல்ப் என்றதும் நம்மிற் பலரது மனக்கண்ணில் தோன்றுவது உயர்ந்த வேலியும், அதற்கப்பால் வெள்ளைத் தொப்பியணிந்து உலாவும் துரைமாருமே. ஐம்பது வயதைக் கடக்கும்வரை எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. நுவரெலியா நகரின் வீதிகளிற் பல்லாண்டு நடந்தும், அருகே விரிந்துகிடக்கும் அப்பசும்புற்றரையில் ஒருநாளேனும் நான் கால் வைத்ததில்லை. எவரும் என்னைத் தடுக்கவில்லை. நானே என்னைத் தடுத்துக்கொண்டேன்.

அந்தத் தயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் தோன்றிய கொல்ப் கழகம் 1928இல் 'றோயல்' என்னும் அடைமொழியைப் பெற்றது. (அதன் மைதானத்தைக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்வது ஒரு வேடிக்கை.) நுவரெலியாக் கழகம் 1889இல் நிறுவப்பட்டது. பதினெட்டுக் குழிகள் கொண்ட அம்மைதானம் ஆங்கிலேயர் தம் குளிர்தேச நினைவுகளோடு விளையாடிய இடம். இன்றோ அங்கத்தவரல்லாதாரும் கட்டணஞ் செலுத்தி அங்கு ஆடலாம்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். சொந்தமாகக் கோல்கள் வாங்கப் புகுந்தால் ஆசிரியச் சம்பளம் தாங்காது. வாடகைக்கு எடுத்தலே நன்று. புறப்படுமுன் தொலைபேசியில் விசாரித்துவிடுங்கள். அன்றைக்குப் போட்டி ஏதும் உண்டா, இந்நாட்டில் வசிப்போருக்குக் குறைந்த கட்டணம் உண்டா, ஒன்பது குழிகள் மாத்திரம் ஆடலாமா, புதியவர் முதலிற் பயிற்சி பெறவேண்டுமா என்பவற்றைக் கேட்டறிதல் அவசியம். பதினெட்டுக் குழிகளுக்கு நாலு மணித்தியாலமளவு செல்லும். எம்போன்றோருக்கு ஒன்பதே போதும். முழங்கால்களும் அதையே விரும்பும். கழுத்துப்பட்டியுள்ள மேற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து செல்லுங்கள்.

காலத்தைத் தெரிவதிலேதான் கவனம் வேண்டும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தைமாதந் தொட்டுப் பங்குனி வரை மழை குறைவு. ஏனைய மாதங்களிலும் காலை வெளித்து, நண்பகலுக்குப்பின் மூடுபனியும் மழையும் வந்து கவிவது அங்கு வழமை. ஆகையால் விடிந்ததுமே தொடங்கிவிடுங்கள். இடிமுழக்கங் கேட்டால், இரும்புக்கோலைக் கையிலேந்தி மரத்தடியில் ஒதுங்காமல் உடனே கட்டடத்துக்குத் திரும்புங்கள்.

இனிக் கோற்பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளரைப் பற்றிக் கூறவேண்டும். 'கெடி' என்று அவரை அழைப்பர். செலவைச் சுருக்க எண்ணுவோர் முதலில் அவரையே விலக்க முற்படுவர். நானும் அவ்வாறு எண்ணியவன்தான்.

முதன்முறை காலை ஏழுமணிக்கென ஒழுங்குசெய்திருந்தேன். ஆனால் அன்று விடியலிலே மழை தூறிற்று. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். எவருக்கும் அறிவிக்கவில்லை. கட்டணம் செலுத்தவில்லை, ஆதலால் எவருக்கும் நட்டமில்லை என்பது என் கணக்கு.

மறுவாரஞ் சென்றபோது பையைத் தூக்க வந்தவர் என்னைக் கண்டதும் தலைதாழ்த்தி நின்றார். நான் அதிபராகிய முதலாண்டிலே பத்தாந் தரத்தோடு படிப்பை நிறுத்திய தோட்டத்துப் பிள்ளை அவர். விடுகைப் பத்திரத்திற் கையொப்பமிட்டவன் நானே. காரணம் என்ன என்று அன்று கேட்டதாக நினைவில்லை.

மூன்றாம் குழியருகே, "சேர், கோலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக்கூடாது. குருவியைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள்" என்றார். அவ்வாறே பிடித்தேன். பந்து முதன்முறையாக நேரே சென்றது. அந்த மகிழ்ச்சியில், மழைக்காலத்திற் பிழைப்பு எப்படி என்று வினவினேன்.

"ஆட வருகிறவர் இருந்தால்தான் கூலி, சேர். போன கிழமையும் உங்களுக்காகத்தான் விடியவே வந்து நின்றேன். பத்து மணிவரை பார்த்தேன்."

அவர் குரலில் குறை ஏதும் இருக்கவில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆட்டம் முடிந்ததும் இரு நாட்கூலியைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை நீட்டினார். நெடுநேரம் வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார்.

இப்போது போவதற்கு முதல்நாள் மாலையிலேயே தொலைபேசியில் உறுதிசெய்கிறேன். தூறல் கண்டு மனம் பின்வாங்கினால், அவர் வீட்டிலிருந்து புறப்படுமுன் சொல்லிவிடுகிறேன். வரும் மாசிமாதத்துக்கு ஒரு சனிக்கிழமை குறித்திருக்கிறோம். தரை காய்ந்திருக்கும், பந்து நன்றாக ஓடும் என்கிறார் அவர்.