அல்சூர் ஏரியும் பாய்மரப் படகும்

பெங்களூரில் குடியேறிய தமிழர்களாகிய நாம் அல்சூர் ஏரியை நன்கறிவோம். ஏறத்தாழ 120 ஏக்கர் பரப்புள்ள அந்நீர்நிலையில், ‘தம்பிகள்’ என அழைக்கப்பெறும் மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் திரிஷ்ணா பாய்மரப் படகுக் கழகம் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. 1985 முதல் 1987 வரை உலகை வலம்வந்த, நம் இராணுவப் பொறியாளர்களின் படகுக்கும் திரிஷ்ணா என்பதே பெயர்.

பாய்மரப் படகின் அடியில் ஒரு பலகை நீருக்குள் இறங்கி நிற்கும். அஃது இன்றேல் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வண்டல் உயர்ந்தால் பலகை சேற்றில் தட்டும். பலகையைத் தூக்கினாலோ படகு திசை தவறும். கரையில் நிற்போர்க்கு நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். ஆழம் குறைவதைப் படகோட்டியே உணர்வான்.

கால்வாய்கள் கொணரும் மண்ணும் கழிவுநீருமே இதற்குக் காரணம். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் இவ்வேரியில் செத்து மிதந்தன. தூர்வாருதல் நற்செயலே, எனினும், கால்வாய் முகத்திலேயே மண்ணையும் கழிவையும் தடுக்காவிடில், வாரிய தூர் மீண்டும் வந்து சேரும். குடிமராமத்து கண்ட நம் முன்னோர், ஏரியோடு வரத்துக் கால்வாயையும் சேர்த்தே செப்பனிட்டனர். வந்த ஊரின் ஏரியும் நம் ஏரியே. கால்வாயில் குப்பை கொட்டாதிருத்தல் நம் முதற்கடன்.