எம்சி எடுத்தால் சம்பளம் போகுமா?

(உலு யாம் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



வக்கீலுக்கும் இனிப்பு நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாற்பது தாண்டிய நம்மவர்கள் கிளினிக் பக்கம் போகாததற்குப் பெரிய காரணம், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம். அதனால்தான் வந்தேன்.

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேர். நாடு முழுக்க, நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது!

பால்மரம் வெட்டிய காலத்தில் நிரை நிரையாக நடந்தோம். தோட்டத்தில் டிரெசர் இருந்தார். தோட்டம் கைமாறியது, டிரெசரும் போனார். இன்று பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி ஜாகா வேலை, நாலு வேளை பால் தே. 'தே ஓ கொசோங்' கேட்டுப் பழகுங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. நாளாக நாளாகக் கால் மரத்துப்போய், ஆணி குத்தினாலும் தெரியாது. படுக்குமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் கண்டால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். மறுநாளே கிளினிக்குக்கோ கோலகுபு பாரு ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதானவர்களுக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை இலவசம். கணவன், மனைவி இருவரும் போகலாம். அடையாள அட்டை போதும்.

இனி சட்டம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023-லிருந்து இந்த 60 நாள் தனிக்கணக்கு. நாள்கூலிக்கும் உண்டு. குத்தகைக்காரரிடம் வேலை செய்தால் அவர்தான் உங்கள் முதலாளி, "கம்பெனியைக் கேள்" என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது.

கம்பெனி டாக்டர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். எம்சி நகலையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பணம் பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை.