பெயர் மாறிய விலங்குகள்



ஸ்பானிய மொழி இலத்தீனின் மகள். ஆதலால் அதன் விலங்குப் பெயர்களிற் பெரும்பாலானவை தாய்வீட்டுச் சீதனமே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்; அவ்வாறே பாடமும் சொன்னேன். ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் ‘லூப்புஸ்’, ஸ்பானியத்தில் ‘லோபோ’ ஆயிற்று. பசுவாகிய ‘வாக்கா’, ‘பாக்கா’ ஆயிற்று.

“அப்படியானால் நாய் என்ன ஆயிற்று, ஐயா?” என்று ஒருநாள் மாணவர் ஒருவர் கேட்டார். விடை தெரியாமல் நின்றேன். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன்.

நாய்க்கு இலத்தீனில் ‘கானிஸ்’ என்று பெயர். இத்தாலியர் இன்றும் ‘கானே’ என்பர். ஸ்பானியரிடமும் ‘கான்’ என்ற சொல் உண்டு. ஆனால் அது ஏட்டளவில் ஒடுங்கிவிட்டது. வீட்டிலும் வீதியிலும் வழங்குவது ‘பெர்ரோ’. இச்சொல் எங்கிருந்து வந்தது? மொழிநூலார் இன்றளவும் ஒருமித்து விடை கூறவில்லை. இடையர் நாயை ஏவும் ஒலியிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது ஒரு கொள்கை. மறுநாள் அம்மாணவரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் என்னைவிட மகிழ்ந்தார்!

குதிரையின் கதை வேறு. இலத்தீனில் ‘ஈக்வுஸ்’ என்பது மதிப்புள்ள சொல். ‘கபல்லுஸ்’ என்பது சுமை இழுக்கும் மட்டக்குதிரை. ஸ்பானியத்தில் அரியணை ஏறியது மட்டக்குதிரைதான்: ‘கபாயோ’. பெண்குதிரை மட்டும் ‘ஈக்வா’ என்ற பழம்பெயரை ‘யேகுவா’ எனக் காத்துவருகிறது.

கீரியைப் போல் ஒல்லியான உடலுடையதாய், கோழிக் கூட்டிற் புகுந்து கொல்லும் சிறு விலங்கு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. இலத்தீனில் அது ‘முஸ்தேலா’. ஸ்பானிய நாட்டுப்புறத்தார்க்கு அப்பெயரைச் சொல்லவும் அச்சம் போலும்! ‘கொமத்ரேஹா’ என்றனர், அண்டைவீட்டுத் தோழியை அழைக்கும் ‘கொமத்ரே’ என்ற சொல்லின் செல்ல வடிவம் அது. இத்தாலியர் அதனைச் ‘சிறு சீமாட்டி’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘சின்ன அழகி’ என்றனர். திருடனுக்கு இத்தனை இச்சகம்!

இனி மயில். அதற்கு முன்னாளில் ‘பாவோ’ என்றே பெயர். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வான்கோழியைக் கண்ட ஸ்பானியர், அதன் விரிந்த வாலைப் பார்த்து அப்பெயரையே அதற்கும் சூட்டினர். வந்த பறவை பெயரைப் பற்றிக்கொண்டது. உரிய பறவையோ அடைமொழி தேடி, ‘பாவோ ரெயால்’, அதாவது அரச பாவோ, ஆயிற்று. மெக்சிகோ மக்களோ வான்கோழியைத் தம் பழைய நாவாத்தில் மொழியிலிருந்து வந்த ‘குவாஹொலோத்தே’ என்ற பெயரால் இன்றும் அழைக்கின்றனர்.