திரும்ப முளைக்காத செல்கள்



கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்ததும், "தெளிவாத் தெரியுதா?" என்றுதான் முதலில் கேட்போம். அந்தத் தெளிவைக் காப்பவை, கருவிழியின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும் அறுகோணச் செல்கள். பெரியவர்களின் கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். கருவிழிக்குள் ஊறும் நீரை இவை ஓயாமல் இறைத்து வெளியேற்றுகின்றன. இறைப்பு நின்றால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும்.

தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. இந்தச் செல்களோ செத்தால் செத்ததுதான். பக்கத்தில் இருப்பவை அகன்று அந்த இடத்தை மூடிக்கொள்ளும், அவ்வளவே.

மரத்துப்போகச் செய்யும் மருந்து, கண்பாவையை விரிக்கும் மருந்து, கிருமிக்கொல்லி என்று அறுவையின்போது கண்ணுக்குள்ளேயே செலுத்துபவை எல்லாம் இந்தச் செல்களை நேராகத் தொடுகின்றன. அதனால்தான் ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்மீது மருந்தை வெவ்வேறு செறிவில் ஊற்றிப் பார்க்கிறார்கள். பிறகு டிரிபான் நீலம் என்ற சாயம். உயிருள்ள செல் அதை உள்ளே விடாது; செத்த செல் நீலமாகிவிடும். நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். முற்றிய புரையின் உறையை அடையாளம் காண அறுவை மருத்துவர் கண்ணுக்குள் செலுத்துவதும் இதே நீலம்தான். ஆகவே சாயத்தையும் சோதித்தாக வேண்டியிருந்தது.

1944-இல் வந்த டிரெய்ஸ் சோதனையில் முயலின் கண்ணில் மருந்தை விட்டுப் பார்த்தார்கள். ஆனால் முயலுக்கு இந்த உள்ளடுக்குச் செல்கள் மீண்டும் பெருகும். நமக்கு நிரந்தரமான சேதம், முயலில் ஆறிப்போய் மறைந்துவிடலாம். அந்த உயிரை அத்தனை வதைத்தும் நம் கேள்விக்கு முழு விடை கிடைக்காது என்பது எனக்குத் தாங்கவில்லை.

பல நேரம் கெடுதல் மருந்தால் வருவதில்லை. அது கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பொருளால் வருகிறது. கண்ணின் மேல் விடும் சொட்டு மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

அதற்காக மருந்தையே ஒதுக்கவும் முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தியபோது, பார்வையையே பறிக்கக்கூடிய உள்தொற்று 10,000-க்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. செறிவு மிகுந்தால் அதே மருந்து கருவிழிச் செல்களைக் கொல்லும். எவ்வளவு தாங்கும் என்பதைச் செல்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

தானமாக வந்த கருவிழிகளில் சில, இன்னொருவருக்குப் பொருத்தத் தகுதியில்லாமல் போகும். குடும்பத்தார் சம்மதித்தால், அவையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுகின்றன.